வியாழன் பிடித்த கெளிறும் சனிக்கிழமைச் சட்டியும்: ஐஸா, பிரிட்ஜா, உப்பா?

யாழ்ப்பாணத்தில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கும் சைவ சமய வீடுகள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி நாள் என்பதை வலையில் விழும் மீன் அறிந்திருப்பதில்லை. வியாழன் பின்னேரம் பண்ணைப் பாலத்தடியில் தூண்டில் போட்டவருக்கோ, களப்பில் தடி நட்டுக் கட்டும் களங்கண்டி வலை வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவருக்கோ நாலு கிலோ கெளிறு (கெளுத்தி மீன்) கிடைத்துவிட்டால், அது சட்டிக்குப் போவது சனிக்கிழமை முற்பகலில்தான். இடையில் ஏறத்தாழ 40 மணி நேரம் இருக்கிறது. கழுவி வெட்டி வைப்பதா அப்படியே வைப்பதா, ஐஸ் வாங்க வேண்டுமா பிரிட்ஜ் போதுமா, உப்புப் போட்டு வைத்தால் என்ன என்று கேட்பவர்களின் குழப்பமெல்லாம் பெரும்பாலும் இந்த 40 மணி நேரத்தைப் பற்றியதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெளிற்றைத் துப்புரவாக்குவது ஒரு வேலையன்று, இரண்டு வேலைகள். முள்ளை வெட்டிப் பூவையும் (செவுளையும்) குடலையும் அகற்றுவது முதல் வேலை; அது மீன் இறந்த சிறிது நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். தோலின் வழும்பை, அதாவது வழுவழுப்பான படலத்தை, எடுத்துத் துண்டு போடுவது இரண்டாவது வேலை. அது சமைப்பதற்குச் சற்று முன்னர் நடந்தாற் போதும். இரண்டையும் வியாழன் இரவே முடித்துவிடும் வீட்டில் சனிக்கிழமை மீன் குழைந்து போகிறது. இரண்டையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கும் வீட்டில் வெடுக்கு (மீன் நாற்றம்) எழும்புகிறது. எங்கே, எதில் வைப்பது என்ற கேள்வி இதற்குப் பின்னர்தான் வருகிறது.

## கையில் இருப்பது எந்தக் கெளிறு?

யாழ்ப்பாணக் களப்பில் அதிகம் அகப்படுவது சாம்பல் நிற முதுகும் வெண்ணிற வயிறும் உடைய கடற்கெளிறு. செதிள் கிடையாது, வாயைச் சுற்றி மீசை, முதுகில் ஒரு முள்ளும் இரு மார்புச் செட்டைகளில் ஒவ்வொரு முள்ளுமாக மூன்று முட்கள். இதன் ஆண்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால், சில காலங்களில் வாயைத் திறந்ததும் சிறிய போளை அளவிலான முட்டைகள் உருண்டு விழுவதைக் காணலாம். வலையிலேயே கண்டுகொண்டால் அந்த மீனைத் தண்ணீரில் விட்டுவிடுவது நல்லது. முட்டை காக்கும் நாட்களில் அது இரை தின்னாமல் மெலிந்திருக்குமாதலால் சட்டிக்கும் அதனால் பெரிய இலாபமில்லை.

வால் விலாங்கைப் போல ஒடுங்கி நீண்டிருக்கும் வேறொரு வகையும் உண்டு. அதிற் சிலவற்றின் உடலில் வெண்கோடுகள் ஓடும். அதன் முள் குத்தினால் வலி மிகக் கடுமையாக இருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர் அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் கரையிலேயே முள் வெட்டுவித்து வாங்குவது உத்தமம். வன்னிக் குளங்களிலிருந்து வரும் நன்னீர்க் கெளிறுகள் வேறு கதை. அவற்றில் வெடுக்கைக் காட்டிலும் சேற்று மணமே தொல்லை. அது வைக்கும் முறையால் வருவதன்று, வளர்ந்த தண்ணீரால் வருவது. ஆகவே கீழே வைக்கும் முறைகளைப் பற்றிச் சொல்வது எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பொருந்தினாலும், வழும்பு எடுக்கும் முறையில் கடல்மீனுக்கும் குளத்து மீனுக்கும் தீர்ப்பு மாறும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல் நேரம். சட்டிக்குப் போக ஆறு மணி நேரம் இருக்கிறதா, ஒன்றரை நாள் இருக்கிறதா, ஒரு மாதம் இருக்கிறதா என்பதை முடிவு செய்யாமல் எந்த முறையையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது அளவுகோல் வெப்பநிலை. இதில் நம்மில் பலர் பிரிட்ஜையும் ஐஸையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். உருகும் ஐஸுக்குள் இருக்கும் மீன் 0 பாகை செல்சியஸில் இருக்கிறது. வீட்டுப் பிரிட்ஜ் நன்றாக வேலை செய்தாலும் 4 அல்லது 5 பாகைதான்; அடிக்கடி கதவு திறக்கும் வீட்டில் அதற்கும் மேல். 5 பாகை என்பது சிறிய வித்தியாசமாகத் தோன்றலாம். ஆனால் 0 பாகையில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால் 5 பாகையில் அது இரண்டேகால் மடங்கு, 10 பாகையில் நான்கு மடங்கு என்பது மீன் பதனிடுவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. களப்பு நீரின் சூட்டிலேயே, அதாவது ஏறக்குறைய 30 பாகையில், வாளிக்குள் கிடக்கும் மீன் ஒரு பகலைக்கூடத் தாங்காது.

மூன்றாவது தசையின் இறுக்கம். கெளிறு மெல்லிய, நீர்ப்பற்றுள்ள தசையுடையது. கெடாமல் இருப்பது மட்டும் போதாது, குழம்பிற் கரையாமலும் இருக்க வேண்டும். நான்காவது வீட்டின் வசதி: ஐஸ் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது, மின்சாரம் நிற்குமா, கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறதா, பிரிட்ஜுக்குள் பக்கத்தில் என்ன இருக்கிறது. கடைசியாகச் சொன்னது சிறிய விடயமன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## எந்த முறைக்கும் முன்னதாக: முள்ளும் குடலும்

கெளிறு முள்ளை நிமிர்த்தினால் அதன் அடிமூட்டில் ஒரு பூட்டு விழுந்துவிடும். பின்னால் அழுத்தினாலும் மடியாது. மீன் இறந்த பிறகும் அப்படியே நிற்கும். முள்ளின் ஓரம் வாள்ப்பற்கள் போல இருப்பதால் குத்தியதை இழுக்கும்போது தசையும் கிழிகிறது. முள்ளை மூடியிருக்கும் மெல்லிய தோலுறையிலுள்ள நஞ்சு மீன் இறந்ததும் போய்விடுவதில்லை. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுத் தேடும்போது குத்து வாங்கியவர்களை நான் அறிவேன். ஆகவே முதற் கருவி கத்தியன்று, குறடு. மீனின் தலையைத் தடித்த சாக்குத் துணியால் அழுத்திப் பிடித்து, மூன்று முட்களையும் அடியோடு ஒட்ட நறுக்கி, பழைய கடதாசியிற் சுற்றிப் பேணி ஒன்றுக்குள் போட்டுவிட வேண்டும். வெறும் பொலித்தீன் பையிற் போட்டால் மறுநாள் குப்பை எடுப்பவரின் கையில் அது குத்தும்.

குத்திவிட்டால், அந்த நஞ்சு சூட்டில் சிதையும் தன்மையுடையதாகையால், பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். நீர் 45 பாகைக்கு மேற்படக் கூடாது. குத்துப்பட்ட கை மரத்திருக்கும் என்பதால் மற்றக் கையாற் சூடு பார்க்க வேண்டும். முள் முறிந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ, நீரிழிவு அல்லது ஈரல் நோய் உள்ளவராக இருந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போவது அவசியம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றியும் அங்கே கேட்டுவிடலாம்.

அடுத்தது குடல். வயிற்றை ஆழமாகக் கீறாமல், கத்தியின் நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி, மலவாயிலிருந்து பூவின் அடிவரை திறக்க வேண்டும். ஆழமாகப் போனால் பித்தப்பை உடையும். அந்தப் பச்சை நீர் பட்ட இடம் எவ்வளவு கழுவினாலும் கசக்கும். பூவையும் குடலையும் ஒன்றாக இழுத்தெடுத்த பின்னர், உள்ளே நடுமுள்ளின் அடியில் கருஞ்சிவப்பாக ஒட்டிக் கிடக்கும் இரத்தத்தை ஈர்க்குக் கட்டொன்றின் நுனியாற் சுரண்டிவிட்டு, ஒரே ஒருமுறை குளிர்ந்த நல்ல தண்ணீரிற் கழுவினாற் போதும். கரையில் நின்று கொண்டே களப்பு ஓரத்துத் தண்ணீரில் கழுவிவிடும் வழக்கம் உண்டு. நகரத்து வாய்க்கால்கள் வந்து கலக்கும் இடங்களில் அது மீனைக் கழுவுவதன்று, அழுக்காக்குவது.

சாண் அளவுக்கு உட்பட்ட சிறு மீன்களைக் குடலோடேயே ஐஸில் இட்டுச் சில மணி நேரம் வைக்கலாம். அதற்கு மேற்பட்ட மீன்களில் இந்தச் சலுகை வேண்டாம். குடலிலுள்ள செரிமான நீர்கள் வயிற்றுச் சுவரையே கரைக்கத் தொடங்கும். மறுநாள் வயிறு தானாக வெடித்திருப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

## உயிரோடு வைத்திருத்தல்

புதுமைக்கு இதைவிட மேலானது இல்லை என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. குளத்துக் கெளிற்று வகைகளிற் சிலவற்றுக்குக் காற்றைச் சுவாசிக்கும் துணையுறுப்பு இருப்பதால், மூடிய வாளியிற் கொஞ்சத் தண்ணீரில் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அவற்றுக்கு இம்முறை நியாயமானது. சுத்தமான தண்ணீரில் இரவு முழுவதும் விட்டால் குடலும் ஓரளவு வெறுமையாகும்.

கடற்கெளிற்றுக்கு அந்த வசதி கிடையாது. தூக்கியதும் கிர் கிர் என்று முனகுவதைக் கேட்டு அது நெடுநேரம் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். சூடேறிய வாளித் தண்ணீரில் பிராணவாயு குறையக் குறைய அது துள்ளித் துள்ளியே சாகும். அப்படிச் சாகும் மீனின் தசையிலுள்ள சக்தி தீர்ந்துபோவதால் அது சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்தும் விடும். ஆகவே கரையிலேயே மண்டையில் ஓங்கி ஒரு அடி கொடுத்துக் கொன்று, உடனே பூவின் அடியைக் கீறி இரத்தம் வடியவிடுவது மேல். இரத்தம் வடிந்த கெளிறு சமைக்கும்போது வெள்ளையாக இருக்கும், வடியாதது மங்கிச் சிவந்திருக்கும். பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மீன் என்று சொல்ல மாட்டீர்கள். வீட்டுக்கும் கரைக்கும் கால் மணி நேரத் தூரம், அன்றிரவே கறி என்றிருந்தால் மட்டும் கடற்கெளிற்றை ஈரச்சாக்கிற் சுற்றி உயிரோடு கொண்டுவரலாம்.

## ஐஸ் பெட்டி

40 மணி நேரக் கணக்குக்கு என் தெரிவு இதுதான். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்றும் உடைத்த ஐஸும் போதும். ஆனால் எவ்வளவு ஐஸ் என்பதில்தான் வீடுகள் தவறுகின்றன. 30 பாகையிலிருக்கும் நாலு கிலோ மீனை 0 பாகைக்கு இறக்குவதற்கு மட்டும் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஐஸ் உருகிப் போகும். அதற்குப் பிறகு பெட்டியின் சுவரூடாகவும் மூடியைத் திறக்கும்போதும் வரும் சூட்டோடு போராடுவதற்குத்தான் மிச்ச ஐஸ். இரண்டு கிலோ ஐஸ் போட்டுவிட்டு "வெள்ளி காலையிலேயே உருகிவிட்டது, ஐஸ் சரியில்லை" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிட்டவர்கள். நம்முடைய சூட்டுக்கு மீனின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் வேண்டும். வெள்ளி பின்னேரம் மறுபடியும் ஒரு பகுதி நிரப்ப வேண்டும்.

அடுக்கும் விதமும் உண்டு. அடியில் ஒரு கை உயரத்துக்கு ஐஸ். அதன்மேல் குடல் எடுத்த முழு மீனை வயிறு கீழ்நோக்க வைத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்பி, மேலும் ஐஸால் மூட வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு துளையிட்டு உருகும் நீர் வடிய வழி செய்ய வேண்டும். துளை இல்லாத பெட்டியில் மீன் இரத்தம் கலந்த தண்ணீரில் ஊறிக் கிடக்கும். வழும்பை எடுக்காமல் தோலோடு முழுதாக வைக்கச் சொல்வதன் பயன் இங்கேதான் தெரிகிறது. தோல் முழுதாக இருக்கும்வரை உருகிய நீர் தசைக்குள் போவதில்லை. துண்டு போட்டு ஐஸுக்குள் நேரடியாக வைத்தால் ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் சுவை கரைந்து வெளியேறும்.

ஒளிந்திருக்கும் செலவு அலைச்சல். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஐஸ் எடுப்பது சிரமமன்று. உட்பகுதிக் கிராமங்களில் இருப்பவர்கள் இரண்டு முறை போய்வரும் பெற்றோலையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். சோடாப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து ஐஸுக்குப் பதிலாக அடுக்குவோரும் உண்டு. போத்தலின் உருண்டை வடிவம் மீனை ஓரிடத்தில் மட்டுமே தொடுவதால் அது மீனைக் குளிராக்குவது மிக மெதுவாக நடக்கும். ஏற்கெனவே குளிர்ந்த மீனைக் குளிராகவே வைத்திருக்க மட்டும் அது உதவும். உடைத்த ஐஸோடு சேர்த்து ஓரங்களில் அடுக்கினால் நிரப்பும் ஐஸ் மிச்சப்படும்.

இம்முறையின் இன்னொரு நன்மையை எந்தக் கைநூலும் சொல்லாது. ஐஸ் பெட்டி விறாந்தை மூலையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் வீட்டில் பாலும் தயிரும் சாமிக்கு வைக்கும் பூவும் இருக்கும் பிரிட்ஜுக்குள் பச்சை மீனை வைப்பதற்கு என் அம்மா கடைசிவரை உடன்பட்டதில்லை. எங்கள் வீட்டில் ரெஜிபோம் பெட்டி வந்ததற்கு மீன்பதனியல் காரணமன்று.

## பிரிட்ஜ்

வசதியில் இதை வெல்ல எதுவும் இல்லை. வியாழன் இரவு வைத்து வெள்ளி மதியம் சமைக்கும் வீட்டுக்கு, அதாவது வெள்ளி மரக்கறிக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு, இது போதும். ஆனால் பிரிட்ஜ் குளிர்ந்த மீனைக் காக்கும் பெட்டியே தவிர, சூடான மீனைக் குளிராக்கும் கருவியன்று. 30 பாகையிலிருக்கும் மீனைக் குவியலாகப் பையிற் கட்டி உள்ளே தள்ளினால் நடுவிலுள்ள மீன் குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும். அந்த மணித்தியாலங்களில் நடக்கும் கெடுதி பிறகு திரும்புவதில்லை.

ஒருமுறை, நேரம் மிச்சம் என்று நினைத்து, வியாழன் இரவே வழும்பெடுத்துத் துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் பிரட்டி, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் அடைத்து வைத்தேன். சனிக்கிழமை மூடியைத் திறந்தபோது துண்டுகள் இளஞ்சிவப்பு நீரில் மிதந்தன. கெட்ட மணம் இல்லை. ஆனால் குழம்பு கொதித்து அகப்பையை ஒருமுறை சுற்றியதும் மீன் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. உப்பு தசையின் நீரை வெளியே இழுத்துவிட்டதும், மீன் ஒன்றரை நாள் அந்த நீரிலேயே கிடந்ததுந்தான் காரணம்.

ஆகவே பிரிட்ஜைத் தெரிவு செய்பவர்கள் முதலில் குடலெடுத்த மீனை ஐஸ் கலந்த தண்ணீரில் அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் இட்டுக் குளிராக்கி, துடைத்து, அகன்ற தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, ஆகக் கீழ்த்தட்டில் மூடி வைக்க வேண்டும். தட்டின் அடியில் ஐஸ் நிரப்பிய இன்னொரு தட்டை வைத்தால் ஐஸ் பெட்டிக்கு அருகில் வந்துவிடலாம். மின்வெட்டு இருக்கும் நாட்களில், கதவைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் நீடித்தால் மீனைச் சனிக்கிழமை வரை காத்திருக்கவிடாமல் அன்றே யாருக்காவது கொடுத்துவிடுவது மலிவு.

## உறைய வைத்தல்

சனிக்கிழமைக்காக உறைய வைப்பது வீண் வேலை. வீட்டு உறைபெட்டியில் மீன் மெதுவாக உறைவதால் தசைக்குள் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி இழைகளைக் கிழிக்கும். கரையும்போது நீர் வடிந்து மீன் பஞ்சாகும். ஒன்றரை நாளுக்காக இந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் சமைக்காத வீட்டுக்கு, கொடியேற்றத்துக்கு முன்தினம் ஐந்து கிலோ வந்து சேர்ந்தால், அப்போது இது தகும். துண்டுகளை ஒரு சமையலுக்கு வேண்டிய அளவில் பிரித்து, பெட்டியிலிட்டு, மூழ்கும்வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் காற்றுப் பட்டுக் காய்ந்து போவதும், கொழுப்பு எண்ணெய்ச் சிக்கு வைப்பதும் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்குள் சமைத்துவிட வேண்டும். கரைப்பதற்கு முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கவும். குசினி மேசையில் வைத்துக் கரைத்தால் வெளிப்பகுதி கெடத் தொடங்கிய பிறகும் உள்ளே கல்லாக இருக்கும்.

## உப்பு

ஐஸும் மின்சாரமும் இல்லாத இடத்தில் உப்புக்கு மாற்று இல்லை. ஆனால் "கொஞ்சம் உப்புத் தடவி வைத்தேன்" என்பது எந்த முறையுமன்று. கொஞ்ச உப்பு மீனைக் காப்பதில்லை, அதன் நீரை மட்டும் எடுத்துவிடுகிறது. காக்க வேண்டுமானால் முதுகோடு பிளந்து விரித்த மீனுக்கு அதன் எடையில் மூன்றில் ஒன்று அல்லது நாலில் ஒன்று என்ற அளவுக்குக் கல்லுப்புப் போட வேண்டும். அப்போது அது கருவாட்டுக்கான முதற்படி, சனிக்கிழமைக் குழம்புக்கான மீனன்று. கெளிற்றுக் கருவாடு விரும்புகிறவர்களுக்கு இது நட்டமில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்க வேண்டாம். வெயில் இல்லாமல் இரண்டு நாள் கிடந்தால் இலையான் முதலில் வந்துவிடும்.

## சனிக்கிழமை காலை: வழும்பு எடுக்கும் நான்கு வழிகள்

ஐஸிலிருந்து எடுத்த மீனின் வழும்பு சற்றுப் பால்நிறமாகத் தடித்திருக்கும். அது கெட்டதன் அடையாளமன்று. மஞ்சளாகி, நூலாக இழுபட்டு, வயிற்றுக்குள் புளித்த மணம் வந்தால்தான் விட்டுவிட வேண்டும். மூக்கை முதுகில் வைத்துப் பார்ப்பதிற் பயனில்லை. வயிற்றின் உட்பக்கத்தில் வைக்க வேண்டும்.

| முறை | நன்மை | ஒளிந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| அடுப்புச் சாம்பலும் கல்லும் | பிடி நழுவாது, விரைவில் முடியும் | நிறையத் தண்ணீர், சாம்பலின் நறுநறுப்பு | விறகடுப்பும் நல்ல தண்ணீர்க் கிணறும் உள்ள வீடு |
| கல்லுப்பும் பழப்புளியும் | வெடுக்கையும் சேர்த்து அடக்கும் | அதிகம் ஊறினால் மேற்பரப்பு வெந்ததுபோல் வெளுக்கும் | புளிக்குழம்பு வைப்பவர் |
| சுடுநீர் | குறைந்த உழைப்பு | தோல் வெந்து கிழியும் அபாயம் | பெரிய முழு மீன் |
| தோலுரித்தல் | சேற்று மணம் பெருமளவு போகும் | தோலின் பசைச்சத்து இழப்பு, உழைப்பு | குளத்துக் கெளிறு, பொரியல் |

சாம்பல் நம் பாட்டிமாரின் முறை. கிணற்றடிக் கல்லில் சாம்பலைத் தூவி மீனை உரைஞ்சினால் வழும்பு சாம்பலோடு உருண்டு வரும். அதன் காரத்தன்மை கொழுப்பையும் கொஞ்சம் கரைக்கும். ஆனால் இன்று எரிவாயு அடுப்பு வீடுகளில் சாம்பல் கிடையாது, கிடைக்கும் சாம்பலிலும் பொலித்தீனும் அச்சடித்த கடதாசியும் எரிந்திருக்கும். விறகு, சிரட்டை, பனைமட்டை மட்டுமே எரிந்த சாம்பல் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய நான் தொடுவதில்லை. தீவுப்பகுதியில் நல்ல தண்ணீரை வாங்கிப் பாவிக்கும் வீடுகளுக்கும் இது கட்டுப்படியாகாது.

கடற்கெளிற்றுக்கு உப்பும் புளியுமே என் முறை. கடல்மீனின் வெடுக்குக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளியின் அமிலம் அதைப் பிணைத்து ஆவியாகாமல் செய்துவிடுகிறது. அதே அமிலம் வழும்பைத் திரளவும் வைக்கிறது. நாலு கிலோ மீனுக்கு ஒரு கை கல்லுப்பும் ஒரு தேசிக்காய் அளவு பழப்புளிக் கரைசலும் போதும். முழு மீனில் தடவி ஐந்து நிமிடம் விட்டால் வழும்பு சாம்பல் நிறத் திவலைகளாகத் திரளும். தேங்காய்ப் பொச்சால் (நாரால்) தலையிலிருந்து வாலை நோக்கித் தேய்த்தால் தோல் கையிற் சறுக்காமல் கீச்சிடும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிடலாம். சொதி வைப்பதாக இருந்தால் புளிக்குப் பதிலாகத் தேசிக்காய், வினாகிரியும் சரிதான்.

சுடுநீரில் ஒரு நுணுக்கம் உண்டு. கொதிக்கும் நீர் வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய நீரை முழு மீனின்மேல் ஊற்றியதும் வழும்பு வெள்ளையாக உறையும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கத்தியின் முதுகாற் சுரண்ட வேண்டும். துண்டு போட்ட மீனில் இதைச் செய்தால் வெட்டுமுகங்கள் வெந்துவிடும்.

குளத்து மீனின் சேற்று மணத்துக்குக் காரணமான பொருள் தோலின் அடிக் கொழுப்பிலும் பக்கவாட்டுக் கருந்தசையிலும் தங்குவது. ஆகவே அதற்கு மட்டும் தோலுரிக்கும் சிரமத்தைப் படலாம்: கழுத்தைச் சுற்றித் தோலை மட்டும் கீறி, தலையை ஆணியில் மாட்டி, குறடால் வாலை நோக்கி இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். உரித்த பின்னும் புளிநீரில் சிறிது நேரம் வைப்பது நல்லது, அமிலத்தில் அந்த மணப்பொருளும் சிதையும். கடற்கெளிற்றின் தோலை உரிப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. குழம்பு தடித்துப் பளபளப்பதே அந்தத் தோலாற்றான்.

வழும்பு போன பிறகே துண்டு. ஒரு விரல் அகலத்துக்குக் குறையாமல் வெட்டினால் கொதியிற் சிதறாது. துண்டு போட்டபின் மறுபடி தண்ணீரில் ஊறவைக்காமல், ஒருமுறை அலசி வடியவிட்டு, நேரே சட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். தலையைக் கூழுக்கென்று எடுத்து வைப்பவர்கள் அதை நெடுக்காகப் பிளந்து, மண்டையின் இருபுறமும் இருக்கும் வெள்ளைக் கற்கள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். கூழுக்குள் பல்லில் அகப்பட்டால் பல்லுக்குத்தான் சேதம்.